வினவல் செயலியும் மாறிலிக் கோவைகளும்

தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் – க.பொ.த. (சாதாரண தரம்)
தரவுத்தளங்கள்: மேலதிக விளக்கம்



தரவுத்தளத்தில் அட்டவணை, புலம், பதிவு, முதன்மைச் சாவி, வினவல் என்பவற்றை நீங்கள் கற்றிருப்பீர்கள். வினவலை எழுதி ஓட விட்டதும் விடை திரையில் தோன்றுகின்றது. இடையில் என்ன நடக்கின்றது? நாம் எழுதிய நிபந்தனையைக் கணினி அப்படியே ஒவ்வொரு பதிவிலும் பொருத்திப் பார்க்கின்றதா? அல்லது முதலில் அதைச் சுருக்கிக்கொள்கின்றதா? இப்பாடத்தில் அதனை ஆராய்வோம். இதனை விளங்கிக்கொண்டால் விரைவாக ஓடும் வினவலை எழுதலாம். அதைவிட முக்கியமாக, பிழையான விடை தரும் வினவலை எழுதாமல் தப்பலாம்.

1. நமது உதாரணத் தரவுத்தளம்

வெள்ளவத்தையில் ஒரு புத்தகக் கடையும் கொட்டாஞ்சேனையில் அதன் கிளையும் உள்ளன என வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் பொதுவான தரவுத்தளத்தில் "நூல்" என்னும் அட்டவணை உண்டு. அதன் புலங்கள்: நூலெண், தலைப்பு, பாடம், விலை, கைவசம். நூலெண் முதன்மைச் சாவியாகும். விலை ரூபாவில் முழுவெண்ணாகப் பதியப்பட்டுள்ளது. அட்டவணையில் 20,000 பதிவுகள் உள்ளன.

பரீட்சைக் காலத்தில் கடையில் எல்லா நூல்களுக்கும் 10% கழிவு வழங்கப்படுகின்றது. ஒரு மாணவியின் கையில் 450 ரூபா இருக்கின்றது. அவரால் வாங்கக்கூடிய நூல்கள் எவை? இக்கேள்விக்குரிய வினவலை இரண்டு விதமாக எழுதலாம். (பொருள் தெளிவாவதற்காக வினவலின் கட்டளைச் சொற்களை இங்கு தமிழிலேயே தருகின்றோம்.)

வினவல் 1
தெரிக: தலைப்பு, விலை
அட்டவணை: நூல்
நிபந்தனை: விலை <= 450 * 100 / 90

வினவல் 2
தெரிக: தலைப்பு, விலை
அட்டவணை: நூல்
நிபந்தனை: விலை * 90 / 100 <= 450

கணித பாடத்தில் இவ்விரு சமனிலிகளும் ஒன்றே. தரவுத்தளத்தில் அவை ஒன்றல்ல. ஏன் என்பதே இப்பாடத்தின் மையம்.

2. வினவல் செயலியின் படிகள்

நாம் எழுதும் வினவலைப் பெற்று விடையைத் தரும் மென்பொருட் பகுதி வினவல் செயலி எனப்படும். அது பின்வரும் நான்கு படிகளில் இயங்குகின்றது.

(அ) சரிபார்த்தல்: வினவலின் இலக்கணம் சரியா, அதிலுள்ள அட்டவணைகளும் புலங்களும் உண்மையில் இருக்கின்றனவா எனப் பார்த்தல்.
(ஆ) எளிதாக்கல்: விடை மாறாத வகையில் வினவலைச் சுருக்கி எழுதல்.
(இ) திட்டமிடல்: எந்த வழியாகப் போனால் வேலை குறையும் எனக் கணித்து ஒரு வழியைத் தெரிவு செய்தல்.
(ஈ) நிறைவேற்றல்: தெரிவு செய்த திட்டத்தின்படி பதிவுகளை வாசித்து விடையைத் தருதல்.

(ஆ), (இ) ஆகிய இரண்டு படிகளையும் செய்யும் பகுதி உகப்பாக்கி எனப்படும்.

இதன் வரலாற்றையும் சிறிது அறிந்துகொள்வோம். ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வாளரான எட்கர் கொட் 1970 இல் தொடர்புடைத் தரவு மாதிரியை முன்வைத்தார். "என்ன வேண்டும் என்பதை மட்டும் பயனர் கூறட்டும், எப்படித் தேடுவது என்பதை முறைமை பார்த்துக்கொள்ளட்டும்" என்பதே அதன் அடிப்படை. அதை நடைமுறையில் செய்து காட்ட, அமெரிக்காவின் சான் ஹொசே நகரிலிருந்த ஐபிஎம் ஆய்வுகூடத்தில் 1970களில் "சிஸ்டம் ஆர்" என்னும் பரிசோதனைத் தரவுத்தளம் உருவாக்கப்பட்டது. அதன் உகப்பாக்கி எவ்வாறு வழியைத் தெரிவு செய்கின்றது என்பதை பற்றிசியா செலிங்கரும் அவரது குழுவினரும் 1979 இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். இன்றைய பல தரவுத்தளங்களின் உகப்பாக்கிகள் அந்த வழியையே பின்பற்றி வளர்ந்தவை.

3. மாறிலிக் கோவை என்றால் என்ன?

450, 100, 'கணிதம்' போன்றவை மாறிலிகள். எந்தப் பதிவைப் பார்த்தாலும் அவற்றின் பெறுமானம் மாறாது. விலை, கைவசம் போன்ற புலங்களின் பெறுமானம் பதிவுக்குப் பதிவு மாறும். மாறிலிகளை மட்டும் கொண்ட கோவை மாறிலிக் கோவை எனப்படும்.

உதாரணம்: 450 * 100 / 90 ஒரு மாறிலிக் கோவை. விலை * 90 / 100 மாறிலிக் கோவை அன்று. அதில் விலை என்னும் புலம் இருக்கின்றது.

4. மாறிலிச் சுருக்கம்

வினவல் 1 ஐ எடுத்துக்கொள்வோம். 450 * 100 / 90 இன் விடை 500. இது முதலாவது பதிவுக்கும் 500. இருபதாயிரமாவது பதிவுக்கும் 500. எனவே உகப்பாக்கி, பதிவுகளை வாசிக்கத் தொடங்கும் முன்னரே இக்கணிப்பை ஒரு தடவை செய்து, நிபந்தனையை

விலை <= 500

என மாற்றிவிடும். இவ்வாறு மாறிலிக் கோவையை முன்கூட்டியே கணித்து, அதன் இடத்தில் தனி ஒரு மாறிலியை வைப்பது மாறிலிச் சுருக்கம் ஆகும். நிகழ்ச்சித்திட்டங்களைத் தொகுக்கும் தொகுப்பான்களும் இதனையே செய்கின்றன.

இலாபம் எவ்வளவு? கோவையில் ஒரு பெருக்கலும் ஒரு வகுத்தலும் உள்ளன. சுருக்காவிட்டால் 20,000 பதிவுகளுக்கும் 20,000 x 2 = 40,000 கணிப்புகள் வேண்டும். சுருக்கினால் 2 கணிப்புகளே போதும்.

ஆனால் இதனை மட்டுமே பெரிய இலாபமாக எண்ண வேண்டாம். இன்றைய கணினிக்கு 40,000 கணிப்புகள் ஒரு நொடியின் மிகச் சிறு பங்கு வேலையே. பெரிய இலாபம் அடுத்த பகுதியில் வருகின்றது.

5. புலம் தனியே நின்றால் சுட்டி உதவும்

ஒரு நூலின் இறுதியில் சொல்லடைவு இருந்தால் ஒரு சொல்லைத் தேட நூல் முழுவதையும் புரட்ட வேண்டியதில்லை. அதுபோல ஒரு புலத்தின் பெறுமானங்களை ஒழுங்குபடுத்தி வைத்திருக்கும் அமைப்பு சுட்டி எனப்படும். விலைப் புலத்திற்குச் சுட்டி ஒன்று உள்ளதெனில், அதில் விலைகள் ஏறுவரிசையில் இருக்கும்.

ஒழுங்குபடுத்திய 20,000 பெறுமானங்களுள் 500 எங்கே வருகின்றது என்பதை, ஒவ்வொரு தடவையும் பாதியாகப் பிரித்துத் தேடினால் 15 ஒப்பீடுகளுக்குள் கண்டுபிடிக்கலாம். ஏனெனில் 2 இன் 14 ஆம் வலு 16,384. 15 ஆம் வலு 32,768. 20,000 இவ்விரண்டுக்கும் இடையில் உள்ளது. அந்த இடத்தைக் கண்டுபிடித்த பின் அதற்கு முன்னுள்ள பதிவுகளை மட்டும் எடுத்தாற் போதும்.

வினவல் 1 இல் விலை என்னும் புலம் ஒரு பக்கத்தில் தனியே நிற்கின்றது. மறுபக்கம் 500 என்னும் மாறிலியாகச் சுருங்கிவிட்டது. எனவே சுட்டியைப் பயன்படுத்த முடியும்.

வினவல் 2 இல் புலம் ஒரு கோவைக்குள் அடைபட்டுள்ளது. சுட்டியில் இருப்பது விலை. விலை * 90 / 100 அன்று. எனவே பொதுவாக உகப்பாக்கி 20,000 பதிவுகளையும் ஒவ்வொன்றாக வாசித்து, பெருக்கி, வகுத்து, ஒப்பிட வேண்டியிருக்கும்.

6. உகப்பாக்கி தானாகவே மாற்றி எழுதாதா?

"வினவல் 2 ஐ வினவல் 1 ஆக மாற்றுவது சாதாரண அட்சரகணிதம்தானே, கணினிக்கு இது தெரியாதா?" என நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஒரக்கிள் நிறுவனம் 2000 ஆம் ஆண்டளவில் வெளியிட்ட கைந்நூல்கள் இதற்கு நேரடியாக விடை கூறின. சம்பளம் > 24000 / 12 என எழுதினால் உகப்பாக்கி அதனைச் சம்பளம் > 2000 எனச் சுருக்கும். சம்பளம் * 12 > 24000 என எழுதினால் சுருக்காது. ஒப்பீட்டுக் குறியைத் தாண்டி உறுப்புகளை இடம் மாற்றுவதில்லை என்பதே விதி.

இதற்குக் காரணங்கள் உள்ளன.

காரணம் 1: முழுவெண் வகுத்தல். போஸ்ட்கிறெஸ்கியூஎல், மைக்ரோசொப்ட் எஸ்கியூஎல் சேர்வர் ஆகியவற்றில் முழுவெண்ணை முழுவெண்ணால் வகுத்தால் விடையும் முழுவெண்ணே, மீதி விடப்படும். ஒரு நூலின் விலை 501 ரூபா எனக் கொள்வோம்.

501 * 90 = 45,090
45,090 / 100 = 450 (மீதி 90 விடப்படுகின்றது)
450 <= 450 – உண்மை

ஆகவே வினவல் 2 இந்நூலைப் பட்டியலில் சேர்க்கும். வினவல் 1 இல் 501 <= 500 பொய்; எனவே சேர்க்காது. உண்மையில் கழிவின் பின் அந்நூலின் விலை 450 ரூபா 90 சதம். பட்டியலை நம்பி வந்த மாணவி காசாளரிடம் 90 சதம் குறைவாக நிற்பார். கணிதத்தில் ஒன்றான இரண்டு சமனிலிகள் இங்கே இரண்டு விடைகளைத் தந்துவிட்டன. உகப்பாக்கி தானாக ஒன்றை மற்றதாக மாற்றினால், நாம் கேட்காத வினவலுக்கு விடை தந்ததாகிவிடும்.

காரணம் 2: மறைக் குறி. சமனிலியின் இரு பக்கங்களையும் மறை எண்ணால் பெருக்கும்போதும் வகுக்கும்போதும் குறி திரும்பும். பெருக்கும் எண் ஒரு புலமாக இருந்தால் அது நேரா மறையா, பூச்சியமா என்பது முன்கூட்டித் தெரியாது.

காரணம் 3: அளவு மீறல். கணித்த விடை, அந்தத் தரவு வகை கொள்ளக்கூடிய எண்ணைவிடப் பெரிதானால் வழு ஏற்படும். உறுப்புகளை இடம் மாற்றினால் இருந்த வழு மறையலாம். இல்லாத வழு தோன்றவும் கூடும்.

எனவே உகப்பாக்கியின் முதலாவது கடமை விடையை மாற்றாமலிருத்தல், வேகம் இரண்டாவதே. சமனிலியைச் சரியாக மாற்றி எழுதுவது வினவலை எழுதுபவரின் பொறுப்பு.

கவனிக்க: மாறிலிப் பக்கத்திலும் இதே ஆபத்து உண்டு. 450 * 100 / 90 என்பதை 100 / 90 * 450 என எழுதினால், முழுவெண் வகுத்தலில் 100 / 90 = 1; பின்னர் 1 * 450 = 450. உகப்பாக்கி இதனை விலை <= 450 என விசுவாசமாகச் சுருக்கிவிடும். 451 முதல் 500 வரை விலையுள்ள நூல்கள் யாவும் பட்டியலிலிருந்து விடுபடும். வழுச் செய்தி எதுவும் வராது. எனவே முதலில் பெருக்குக, பின்னர் வகுக்குக.

7. முன்கூட்டிக் கணிக்க முடியாதவை

புலம் இல்லாத கோவைகள் யாவும் மாறிலிக் கோவைகள் அல்ல. போஸ்ட்கிறெஸ்கியூஎல் தனது சார்புகளை மூன்று வகையாகப் பிரிக்கின்றது.

(அ) மாறாதவை: ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை. உதாரணம்: 144 இன் வர்க்கமூலம். திட்டமிடும்போதே சுருக்கலாம்.

(ஆ) நிலையானவை: ஒரு வினவல் ஓடி முடியும் வரை விடை மாறாது, ஆனால் இன்னொரு நாள் ஓடினால் மாறலாம். உதாரணம்: இன்றைய திகதி. இதனைத் திட்டத்திற்குள் நிரந்தர மாறிலியாகப் பதித்துவிடக் கூடாது.

(இ) மாறுபவை: அழைக்கும் ஒவ்வொரு தடவையும் விடை மாறலாம். உதாரணம்: எழுமாற்றெண். ஒவ்வொரு பதிவுக்கும் புதிதாகவே கணிக்க வேண்டும்.

(ஆ) வகையில் ஏன் இவ்வளவு கவனம்? முறைமைகள் ஒரு தடவை தயாரித்த திட்டத்தைச் சேமித்து, மறுபடியும் பயன்படுத்துவதுண்டு. நூலகமொன்றில் "இன்றைய திகதிக்கு முன் திருப்பித் தர வேண்டிய நூல்கள்" என்னும் வினவலின் திட்டம் திங்கட்கிழமை சேமிக்கப்பட்டது எனக் கொள்வோம். திகதியை மாறிலியாகச் சுருக்கியிருந்தால், வெள்ளிக்கிழமையும் திங்கட்கிழமைப் பட்டியலே வரும்.

8. நிபந்தனை முழுவதும் சுருங்கினால்

தருக்கப் படலைகளில் நீங்கள் கற்ற விதிகள் இங்கும் பொருந்தும்.

உண்மை மற்றும் நிபந்தனை = நிபந்தனை
பொய் மற்றும் நிபந்தனை = பொய்
உண்மை அல்லது நிபந்தனை = உண்மை
பொய் அல்லது நிபந்தனை = நிபந்தனை

நிபந்தனை 1 = 2 மற்றும் விலை < 300 என அமைந்தால் முழுவதும் பொய்யாகிவிடும். அப்போது அட்டவணையின் ஒரு பதிவையேனும் வாசிக்காமல் வெற்று விடையைத் தந்துவிடலாம். மைஎஸ்கியூஎல் இல் இத்தகைய வினவலின் திட்டத்தைக் கேட்டால் "நிறைவேற முடியாத நிபந்தனை" என்னும் பொருள்பட ஒரு குறிப்பைக் காட்டும்.

ஆனால் அவசரப்படக் கூடாத இடங்களும் உண்டு. விலை * 0 என்பதைப் பூச்சியம் எனச் சுருக்கலாமா? முடியாது. விலை பதியப்படாத நூலில் அப்புலம் வெற்றுப் பெறுமானம் கொண்டிருக்கும். வெற்றுப் பெறுமானத்தைப் பூச்சியத்தால் பெருக்கினாலும் விடை வெற்றுப் பெறுமானமே. விலை = விலை என்பதும் அவ்வாறே; வெற்றுப் பெறுமானம் உள்ள பதிவில் இது உண்மையாகாது.

9. மாறிலி தெரிந்தால் மதிப்பீடும் சரியாகும்

எந்த வழியால் போவது எனத் தெரிவு செய்ய, எத்தனை பதிவுகள் நிபந்தனைக்கு அமையும் என்பதை உகப்பாக்கி முன்கூட்டியே மதிப்பிட வேண்டும். 1979 கட்டுரையில் சிஸ்டம் ஆர் பயன்படுத்திய விதி இது: புலம் > பெறுமானம் என்னும் நிபந்தனையில் திட்டமிடும் வேளையில் பெறுமானம் தெரியாவிட்டால், மூன்றில் ஒரு பங்கு பதிவுகள் அமையும் எனக் கொள்க. எண் புலமாக இருந்து, பெறுமானமும் தெரிந்தால்,

பங்கு = (உச்சப் பெறுமானம் – தரப்பட்ட பெறுமானம்) / (உச்சப் பெறுமானம் – இழிவுப் பெறுமானம்)

உதாரணம்: நமது கடையில் ஆகக் குறைந்த விலை 100 ரூபா, ஆகக் கூடிய விலை 2,100 ரூபா எனக் கொள்வோம். நிபந்தனை: விலை > 1900.

பெறுமானம் தெரியாவிடின் மதிப்பீடு: 20,000 / 3 = ஏறத்தாழ 6,667 பதிவுகள்
பெறுமானம் தெரிந்தால்: (2,100 – 1,900) / (2,100 – 100) = 200 / 2,000 = 1/10; அதாவது 2,000 பதிவுகள்

6,667 பதிவுகள் என்றால் முழு அட்டவணையையும் வாசிப்பதே மேல் எனத் தோன்றலாம். 2,000 என்றால் சுட்டி இலாபமாகலாம். மாறிலிக் கோவையைத் திட்டமிடலுக்கு முன்னரே சுருக்குவதன் பயன் இங்கு தெளிவாகின்றது.

மாறிலியின் பெறுமானம் மாற மாற, தெரிவாகும் திட்டமும் மாறும். இதனைப் படமாக வரைந்து காட்டும் "பிக்காசோ" என்னும் மென்பொருள் பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞான நிறுவனத்தில் ஜயந்த் ஹரித்சாவின் குழுவினரால் உருவாக்கப்பட்டது. புகழ்பெற்ற உகப்பாக்கிகளின் திட்டப் படங்களை அவர்கள் 2005 இல் வெளியிட்டனர். ஒரே வினவலுக்குப் பல திட்டங்கள் பல நிறங்களாகப் பரவிக் கிடப்பதை அவற்றில் காணலாம்.

10. நமது நாட்டில்

வினவல் செயலிகள் வெளிநாடுகளில் மட்டும் உருவாகின்றன என எண்ண வேண்டாம். மொறட்டுவைப் பல்கலைக்கழக மாணவர்களின் ஆய்வுத் திட்டமாகத் தொடங்கியது "சித்தி" என்னும் வினவல் செயலி. அதனைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை 2011 இல் வெளிவந்தது. பின்னர், 2005 இல் சஞ்சீவ வீரவரணவும் மற்றவர்களும் ஆரம்பித்த டபிள்யூஎஸ்ஓ2 என்னும் மென்பொருள் நிறுவனம் அதனை வளர்த்தது. இது திறந்த மூல மென்பொருளாகும்.

சாதாரண தரவுத்தளத்தில் தரவு சேமிக்கப்பட்டிருக்கும்; வினவல் வந்து போகும். சித்தியில் இது தலைகீழானது. வினவல் நிலைத்து நிற்கும். தரவு ஆற்று நீர்போல ஓடி வரும். வந்து சேரும் ஒவ்வொரு நிகழ்விலும் நிபந்தனை சோதிக்கப்படும். இத்தகைய முறைமையில் ஓட்டம் நிற்பதே இல்லை. எனவே ஒரு தடவை செய்து முடிக்கக்கூடிய வேலையை ஆரம்பத்திலேயே முடித்துவிடுவது இங்கு இன்னும் பெறுமதி மிக்கது.

நினைவில் கொள்க

• மாறிலிக் கோவை ஒரு தடவை மட்டும், பதிவுகளை வாசிக்கும் முன்னர் கணிக்கப்படும்.
• ஒப்பீட்டுக் குறியின் ஒரு பக்கத்தில் புலத்தைத் தனியே நிறுத்துக. கணிப்பை மறுபக்கத்தில் எழுதுக.
• முழுவெண் வகுத்தலில் முதலில் பெருக்குக, பின்னர் வகுக்குக.
• இன்றைய திகதி, எழுமாற்றெண் ஆகியன மாறிலிகள் அல்ல.
• முதலில் சரியான விடை, பின்னரே வேகம்.

பயிற்சி வினாக்கள்

1. பின்வருவனவற்றுள் மாறிலிக் கோவைகளைத் தெரிவு செய்க.
(அ) 12 * 30 (ஆ) கைவசம் * 2 (இ) எழுமாற்றெண் + 5 (ஈ) (75 + 25) / 4

2. கைவசம் + 20 < 50 என்னும் நிபந்தனையைச் சுட்டி பயன்படத்தக்கவாறு மாற்றி எழுதுக.

3. முழுவெண் வகுத்தல் நடைபெறும் முறைமையொன்றில் அளவு / 2 = 3 என்னும் நிபந்தனையை ஒருவர் அளவு = 6 என மாற்றினார். அளவு என்பது நேர் முழுவெண்ணாயின், இம்மாற்றத்தால் விடுபடும் பெறுமானம் யாது?

4. ((1 = 1) மற்றும் (விலை < 300)) அல்லது (5 < 2) என்பதைச் சுருக்குக.

5. பகுதி 9 இல் உள்ள தரவுகளைக் கொண்டு, விலை > 1600 என்னும் நிபந்தனைக்கு அமையும் பதிவுகளின் எண்ணிக்கையை மதிப்பிடுக.

விடைகள்

1. (அ), (ஈ). (ஆ) இல் புலம் உள்ளது. (இ) இல் மாறுபடும் சார்பு உள்ளது.

2. கைவசம் < 50 – 20. உகப்பாக்கி இதனைக் கைவசம் < 30 எனச் சுருக்கும்.

3. 7. ஏனெனில் 7 / 2 = 3 (மீதி 1 விடப்படும்). முதல் நிபந்தனைக்கு 6 உம் 7 உம் அமையும். மாற்றிய நிபந்தனைக்கு 6 மட்டுமே அமையும். சரியான மாற்றம்: அளவு >= 6 மற்றும் அளவு <= 7.

4. 1 = 1 உண்மை; 5 < 2 பொய். (உண்மை மற்றும் விலை < 300) அல்லது பொய் = விலை < 300.

5. (2,100 – 1,600) / 2,000 = 500 / 2,000 = 1/4. எனவே 20,000 x 1/4 = 5,000 பதிவுகள்.